வெளிச்சத்தில் விழும் பள்ளங்கள்

என் சம்பந்தியம்மாவுக்கு வேலை, வெளிச்சத்தில் விழும் பள்ளத்தைத் தூர்ப்பது. இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மகன் கல்யாணம் முடிந்து வெகுநாள் கழித்துத்தான் நானே நம்பினேன். அதுவும் கண்ணால் பார்த்து, காதால் கேட்ட பிறகு.

என்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு அவரிடம் போகிறேன். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன் என்று என்னைச் சொல்வார்கள். அது பொய். நாலாவது வகுப்பு வரை ஒதுங்கியிருக்கிறேன். அதன்பிறகு கயிறு சுமந்தேன், கம்பம் ஏறினேன், இன்று சொந்தக் கிரேன் வைத்திருக்கிறேன். இந்த ஊரில் அண்ணாந்து பார்த்தால் தெரிகிற இரும்புக் கம்பங்களில் பாதி நான் நட்டவை. புயலில் மரம் விழுந்திருக்கிறது, மதில் விழுந்திருக்கிறது, என் கம்பம் விழுந்ததில்லை. சந்தேகம் உள்ளவர்கள் போய் ஆட்டிப் பார்க்கலாம்.

அப்பேர்ப்பட்டவனை ஒரு அம்மாள் சரிபார்த்தார் என்றால் எப்படி இருக்கும்?

கல்யாண வேலைகளின்போது போனில் பேசினார். மண்டபத்துக்கு என்னென்ன வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். நாற்காலி, விரிப்பு, விளக்கு என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில், "மொத்தம் எட்டு, சம்பந்தி. மூணு உங்க பொறுப்பு, அஞ்சு எங்க பொறுப்பு. ஒரு தடவை கூட்டிப் பாருங்க, சரியா வருதா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏன் சம்பந்தியம்மா, எனக்குக் கணக்கு வராதுன்னு நினைச்சீங்களா?"

"உங்களுக்கு வரும். இந்தப் போனுக்குத்தான் வராது. நடுவுல எதையாவது முழுங்கியிருந்தா, கூட்டினா தெரிஞ்சிடும் பாருங்க."

காதில் விழுந்ததை எண்ணிக் கூட்டிப் பார்த்தேன். ஏழுதான் வந்தது. தண்ணீரைப் போன் முழுங்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரி, "அப்பாடா, உங்களையும் சரிபார்க்க ஒரு ஆள் வந்தாச்சு. நான் கொஞ்சம் ஓய்வெடுத்துக்கறேன்" என்றாள்.

அந்த அம்மாளின் கதை இப்படி. அவருடைய அப்பா ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவர். அச்சான தாளை அவர் பார்ப்பார், மூலத்தை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்த தாள்களுக்குப் படித்தவர் இந்த மகள்தான். விதை உரம் பற்றியும் தையல் எந்திரம் பற்றியும் வழக்குத் தீர்ப்புகள் பற்றியும் என்னவென்றே புரியாமல் படித்துக்கொண்டே போவாராம். ஒருநாள் மூலத்தின் ஒரு பக்கம் தொலைந்துபோனது. அப்பா கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போது இவர் கேட்ட கேள்வி: "மூலம் இல்லாம, வந்ததை மட்டும் பார்த்துத் தப்பைக் கண்டுபிடிக்க முடியாதாப்பா?"

"முடிஞ்சா என்னை எதுக்கு வேலைக்கு வச்சிருக்காங்க?" என்றாராம் அப்பா.

அப்பா அதோடு விட்டுவிட்டார், மகள் விடவில்லை. கணக்குப் படித்தார். படிக்கும்போதுதான் தெரிந்ததாம், அது முடியும் என்று. அனுப்பும்போதே செய்தியோடு சில சாட்சிகளையும் சேர்த்து அனுப்பிவிட வேண்டும். வழியில் எது சிதைந்தாலும், மிச்சம் வந்து சேர்ந்த சாட்சிகளை விசாரித்து, இந்த இடத்தில் இது இருந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடித்துவிடலாம். சாட்சிகளை எப்படிச் சேர்ப்பது, எத்தனை சேர்ப்பது, எப்படி விசாரிப்பது என்பதுதான் அவர் படிப்பு. தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தார். கல்யாணம் ஆயிற்று, என் மருமகள் பிறந்தாள், தலை நரைத்தது, அதே நாற்காலி. பின்னால் வந்தவர்கள் எல்லாம் மேலே போய்விட்டார்கள். அதற்கு அவர் வருத்தப்பட்டதாக நான் பார்க்கவில்லை. அவருடைய குறை வேறு.

"எழுதினதெல்லாம் அலமாரியில தூங்குது சம்பந்தி. நான் ஓய்வு பெறதுக்குள்ள ஒண்ணாவது கூரை மேல ஏறணும். நிஜமான வெயில்ல, நிஜமான ஆளுங்களுக்கு" என்று ஒருமுறை சொன்னார். கூரை மேல் ஏற்றுவது என் தொழில். ஆனால் எதை ஏற்ற வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

விளங்கும் நாள் வந்தது. எங்கள் ஊரை ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. இக்கரையில் பெரிய ஆஸ்பத்திரி. அக்கரையில் அதன் கிளை, சின்னது. விபத்தில் அடிபட்டவர்களை முதலில் அங்கேதான் தூக்கிக்கொண்டு போவார்கள். ஆனால் எக்ஸ்ரேயையும் ஸ்கேனையும் பார்த்து முடிவு சொல்லும் டாக்டர்கள் இக்கரையில். பாலத்தின் அடியில் போன கேபிள், பாலம் வேலை நடப்பதால் வாரம் ஒருமுறை அறுந்தது. அதனால் சம்பந்தியம்மாவின் நிறுவனம் ஒரு யோசனை சொன்னது: இரண்டு ஆஸ்பத்திரியின் மொட்டை மாடியிலும் ஒவ்வொரு பெட்டி. பெட்டியிலிருந்து பெட்டிக்குக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். அந்த வெளிச்சம் கணக்கில்லாத வேகத்தில் அணைந்து எரிந்து, படத்தையும் பேச்சையும் சுமந்துகொண்டு ஆற்றைத் தாண்டும். தோண்ட வேண்டியதில்லை, கம்பி இழுக்க வேண்டியதில்லை.

பெட்டிகளை நிறுத்துகிற வேலை எனக்கு வந்தது. உறவுக்காக வரவில்லை. இத்தனை தூரத்தில் இத்தனை நுணுக்கமாகக் குறி வைத்து நிறுத்த ஊரில் வேறு ஆள் இல்லை.

காலையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அக்கரையிலிருந்து வந்த எலும்புப் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. வெயில் ஏற ஏறப் படத்தில் கறுப்புக் கறுப்பாகப் பட்டை விழுந்தது. உச்சிப்பொழுதில் படத்தைவிடப் பட்டைதான் அதிகம். சம்பந்தியம்மாவின் பிரிவுத் தலைவர் வந்து பார்த்தார். அவர் மொட்டை மாடி வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். என் ஆட்கள் அவருக்குக் கோட்டுக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"கம்பம் ஆடுது" என்றார் கோட்டுக்காரர்.

எனக்கு வந்ததே கோபம். ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிப் பெட்டி உட்கார்ந்திருந்த தகட்டின் மேல் வைத்தேன். "ஒரு சொட்டு சிந்தட்டும் சார். என் கம்பெனிப் பலகையை இன்னிக்கே இறக்கிடறேன்."

எல்லோரும் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் வெயிலில் வற்றியதே தவிரச் சிந்தவில்லை.

"கம்பம் ஆடலை, காத்து ஆடுது. இங்க வாங்க சம்பந்தி" என்றார் சம்பந்தியம்மா. குறி பார்க்கும் தொலைநோக்கியில் என்னைப் பார்க்கச் சொன்னார். அக்கரை ஆஸ்பத்திரியின் ஜன்னல் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்தது. அடுப்புக்கு மேலே நெளியுமே, அப்படி. ஆற்றின் மேல் குளிர்ந்த காற்று, தகரக் கூரைகளின் மேல் சூடான காற்று. இரண்டும் கலக்கிற இடத்தில் வெளிச்சம் வளைகிறது, சிதறுகிறது, ஒரு கணம் இங்கே கூடி மறுகணம் அங்கே போய்விடுகிறது.

பிறகு ஒரு சின்னப் பெட்டியைக் காதில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அக்கரையிலிருந்து வரும் வெளிச்சத்தை அது சத்தமாக மாற்றித் தரும். நான் வாழ்க்கையில் எத்தனையோ சத்தம் கேட்டிருக்கிறேன். வெளிச்சத்தின் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். வாணலியில் எண்ணெய் பொரிவது மாதிரி ஒரு இரைச்சல். நடுநடுவே அது படபடவென்று அடங்கி அடங்கி எழுந்தது.

"அடங்குற இடமெல்லாம் பள்ளம். கண் சிமிட்டுறதுக்குள்ள பல பள்ளம். படத்தையும் பேச்சையும் எழுத்தெழுத்தா மாத்தித்தான் அனுப்பறோம், ஒவ்வொரு பள்ளத்துலயும் ஆயிரக்கணக்கான எழுத்து விழுந்துடுது" என்றார்.

எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. "அப்ப ஒவ்வொண்ணையும் மூணு தடவை சொல்லிட்டாப் போச்சு. ஒண்ணு விழுந்தாலும் இன்னொண்ணு வந்துடும்ல?"

"முதல்ல நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். மூணையும் அடுத்தடுத்துச் சொன்னா, மூணும் ஒரே பள்ளத்துல விழும். சாட்சிங்களும் கூடவே விழுந்துட்டா யாரை விசாரிக்கிறது?"

அங்கேதான் என் அனுபவம் பேசியது. தூரத்து வேலைக்குக் கம்பங்களை அனுப்பும்போது, ஒரு கம்பத்தின் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே லாரியில் நான் ஏற்றுவதில்லை. லாரி கவிழ்ந்தால் ஒரு கம்பம் முழுசாகப் போய்விடும். ஒவ்வொரு லாரியிலும் ஒவ்வொரு கம்பத்திலிருந்தும் ஒரு துண்டு. ஒரு லாரி போனாலும் கம்பத்துக்கு ஒரு துண்டுதான் குறையும். அதை அங்கேயே அறுத்து ஒட்டிக்கொள்ளலாம். இதைச் சொன்னேன்.

சம்பந்தியம்மா சிரித்துவிட்டார். "நான் பண்றது அதேதான். ஒரு வார்த்தையோட எழுத்துங்களைப் பிரிச்சுத் தூரத் தூரமா அனுப்பறேன். பள்ளத்துல ஆயிரம் எழுத்து விழுந்தாலும் ஆயிரம் வார்த்தைக்கு ஒவ்வொண்ணுதான் குறையும். அந்த ஒண்ணைச் சாட்சிங்க சொல்லிடும். இப்ப இருக்கிற பள்ளத்துக்குப் பத்தலை, இன்னும் தூரமா பிரிக்கணும்."

"பிரிங்க, யார் வேண்டாம்னது?" என்றேன், ஏதோ நானே அனுமதி கொடுப்பவன் மாதிரி.

பிரித்தார். எந்தப் பள்ளமும் எட்ட முடியாத அளவுக்கு எழுத்துகளைப் பரப்பினார். மறுநாள் உச்சிவெயிலில் அக்கரைப் படம் வந்தது. ஒரு பட்டை இல்லை, ஒரு புள்ளி இல்லை. என் ஆட்கள் கை தட்டினார்கள். கோட்டுக்காரர் கோட்டின் மேல் பொத்தானைக்கூடக் கழற்றினார். அடுத்த நாள் ஆஸ்பத்திரிக் குழு வந்து பார்த்து முடிவு சொல்லும். வேண்டாம் என்றால் இந்த வேலையை மூடிவிட்டுப் பிரிவை வேறு பிரிவோடு சேர்த்துவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது. சம்பந்தியம்மாவுக்கு ஓய்வு நெருங்கிவிட்டது, அவருக்கு இன்னொரு கூரை கிடைக்காது.

அன்று சாயங்காலத்துக்கு முன்பே பெரிய டாக்டர் ஒத்திகை பார்க்க வந்தார். எலும்பு வைத்தியர், பொறுமைக்குப் பேர்போனவர் இல்லை. படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு அக்கரை நர்ஸோடு பேச ஒலிவாங்கியை எடுத்தார்.

"சிஸ்டர், கால் வீங்கியிருக்கா?"

பதில் இல்லை.

"சிஸ்டர், கேக்குதா?"

"ஆமா டாக்டர், வீங்கியிருக்கு."

"எது ஆமா? கேக்குதா வீங்கியிருக்கா?"

"கேக்குது டாக்டர்."

"மேலயா கீழயா வீக்கம்?"

"ரெண்டும் டாக்டர்."

"என்னம்மா ரெண்டும்?"

டாக்டர் ஒன்று கேட்டால் முந்தைய கேள்விக்குப் பதில் வந்தது. அவர் குறுக்கே பேசினால் அந்த நர்ஸும் குறுக்கே பேசினார். வாசலில் ஒருத்தர் வழிவிட இன்னொருத்தர் வழிவிட, இரண்டு பேரும் மோதிக்கொள்வார்களே, அதே கதை. டாக்டர் ஒலிவாங்கியை வைத்துவிட்டார்.

"படம் நல்லா இருக்கு. ஆனா இதுல பேச முடியாது. ரத்தம் போயிட்டிருக்கும்போது நான் இவங்களோட இப்படி விளையாட முடியாது" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. லாரிகள்தான். துண்டுகளைப் பத்து லாரியில் பரப்பி அனுப்பினால், பத்தாவது லாரி வந்து சேரும்வரை முதல் கம்பத்தைக்கூட நட முடியாது. எழுத்துகளை எவ்வளவு தூரம் பரப்புகிறோமோ அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். அன்று அது ஒரு விநாடிக்கும் மேலே. படத்துக்கு ஒரு விநாடி ஒன்றுமில்லை. பேச்சுக்கு அது ஆகாது. ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ படம் அனுப்பி, எத்தனை தப்பு என்று எண்ணியிருக்கிறார்கள். ஒருத்தர்கூட அதன் வழியாக இன்னொருத்தரோடு பேசிப் பார்க்கவில்லை. தப்பு எண்ணுகிறவர்களுக்கு வாயைத் திறக்கத் தோன்றவில்லை.

கோட்டுக்காரர் அவசரப்பட்டார். "பரப்பைப் பாதியாக் குறைச்சிடுங்கம்மா. ரெண்டுக்கும் நடுவுல நில்லுங்க."

"நடுவுல நின்னா படமும் உடையும், பேச்சும் பிந்தும். ரெண்டு பேர்கிட்டயும் திட்டு வாங்கணும்" என்றார் சம்பந்தியம்மா. சொல்லிவிட்டு டாக்டரைத் துரத்திக்கொண்டு படியில் ஓடினார். அவருக்கு மூட்டு வலி. அவர் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விழுந்துவிடப்போகிறாரே என்று நானும் பின்னால் போனேன்.

"டாக்டர், ஒரே ஒரு கேள்வி. பேச்சு கொஞ்சம் கரகரன்னு வந்தா உங்களுக்குப் புரியுமா?"

"எங்க வார்டு இரைச்சலைவிட மோசமா இருக்காதில்ல? அதுலயே புரியுது."

"நடுவுல ஒரு வார்த்தை போனா?"

"இன்னொரு தடவை கேட்டுக்குவேன். அது ஒரு விஷயமா?"

"படத்துல ஒரு கோடு போனா?"

டாக்டர் நின்றார். "அது எலும்புல விரிசலா, உங்க கருவியோட கோளாறான்னு எனக்குத் தெரியாதும்மா. இல்லாத விரிசலுக்குக் கட்டுப் போடுவேன், இருக்கிற விரிசலை விட்டுடுவேன்."

"படம் கொஞ்சம் தாமதமா வந்தா?"

"வரட்டுமே, ஓடியா போயிடும்?"

சம்பந்தியம்மா அதே படியில் உட்கார்ந்துவிட்டார். மூட்டு வலி என்று நினைத்துத் தூக்கிவிடக் கை நீட்டினேன். "இருங்க சம்பந்தி" என்றார். முகத்தில் வலி இல்லை. நல்ல சாமானைக் கடையில் பார்த்துவிட்ட ஆளின் முகம் அது.

"காது மன்னிக்குது, காத்திருக்காது. படம் காத்திருக்கும், மன்னிக்காது. ரெண்டையும் ஏன் ஒரே லாரியில ஏத்தினேன்?"

படிக்கட்டு உச்சியில் இருந்த சின்ன அறையில் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். படத்துக்குப் பழையபடி அகலப் பரப்பு. பேச்சுக்குத் தனி வழி: கொஞ்சமாக மட்டும் பரப்பி, சாட்சிகளை ஏராளமாகச் சேர்த்தார். அதோடு, பேச்சின் ஒவ்வொரு துண்டும் முந்தின துண்டின் மெலிந்த பிரதி ஒன்றையும் முதுகில் சுமந்துகொண்டு போகும். முன்னால் போனது பள்ளத்தில் விழுந்தால் பின்னால் வருவது அதன் சாயலையாவது கொடுக்கும். மிச்சத்தைக் காதே நிரப்பிக்கொள்ளும். பேச்சு சின்னச் சாமான்தானே, எத்தனை சாட்சி சேர்த்தாலும் பாரம் ஏறாது என்றார்.

கோட்டுக்காரர் வாசலில் நின்று, "ஆய்வுக்கூடத்துல சோதிக்காததை எப்படிம்மா குழுவுக்குக் காட்டுறது? விதிமுறைன்னு ஒண்ணு இருக்கு" என்றார்.

"சோதிச்சுட்டுத்தான் காட்டப்போறோம். நீங்க அக்கரைக்குப் போய்ப் பேசுங்க. உங்களைவிட நல்லாப் பேசறவங்க நம்ம பிரிவுல யாரும் இல்ல."

அது பாராட்டா கேலியா என்று அவருக்குத் தெரியவில்லை. போனார். அடுத்த நாள் காலையிலிருந்து வெயில் ஏற ஏற அவரும் சம்பந்தியம்மாவும் வெளிச்சத்தின் வழியாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். விலைவாசி, மேலதிகாரிகள், கோட்டுக்காரர் மகளின் படிப்பு. குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது. ஆனால் கேட்டதற்குப் பதில் கேட்டவுடன் வந்தது. "அங்கயும் கோட்டுப் போட்டிருக்கீங்களா சார்?" என்று நான் நடுவில் கேட்டேன். "ஏன் கேக்குறீங்க?" என்று பட்டென்று பதில் வந்தது. அந்தப் பட்டென்று வந்ததுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

உச்சிப்பொழுதில் குழு வந்தது. அதற்குள் கோட்டுக்காரரும் இக்கரைக்குத் திரும்பிவிட்டார். பெரிய டாக்டர் முன்னால் உட்கார்ந்தார். அக்கரையில் நிஜமாகவே ஒரு நோயாளி, சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார்.

"சிஸ்டர், படம்?"

"அனுப்பிட்டேன் டாக்டர், வருது."

"கால்விரல் ஆட்டுறாரா?"

"ஆட்டுறார். ஆனா முழங்காலுக்குக் கீழ..." அடுத்த வார்த்தையைக் காற்று கொண்டுபோயிற்று.

சம்பந்தியம்மாவின் கை என் கையைப் பிடித்தது. பெரியவர்கள் நாங்கள், சம்பந்திகள், அப்படிப் பிடித்துக்கொள்வது வழக்கமில்லை. அவருக்கே தெரியாமல் பிடித்துவிட்டார்.

"கீழ என்ன?" என்றார் டாக்டர், தலையைத் தூக்காமலே.

"மரத்துப்போச்சுங்கிறார்."

"சரி. அங்க கட்டை வச்சுக் கட்டுங்க, இறுக்கிடாதீங்க." அதற்குள் படம் வந்து நின்றது. டாக்டர் விரலால் ஒரு மெல்லிய கோட்டைத் தொட்டார். முடி மாதிரி இருந்தது. "இது விரிசல்தான். இது உங்க கோளாறு இல்லியே?" என்று திரும்பிச் சம்பந்தியம்மாவைக் கேட்டார்.

"இல்ல டாக்டர். அப்படி இருந்தா படமே வந்திருக்காது. சாட்சி ஒத்துப்போகலைன்னா நாங்க காட்ட மாட்டோம்."

குழுவின் தலைவர் அப்போது கேட்டார்: "எல்லாக் காலத்துலயும் இப்படியே ஓடுமா?" கோட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தியம்மா முந்திக்கொண்டார்.

"கெட்டியான மூடுபனி வந்தா ஓடாதுங்க. வெயில்ல வெளிச்சம் தடுமாறும், ஆனா வந்து சேரும். பனியில வந்தே சேராது. வராததை எந்தச் சாட்சியாலயும் சொல்ல முடியாது. அன்னிக்குப் பாலத்து வழியா ஆளை அனுப்பணும்."

கோட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். சாமான் விற்கப் போன இடத்தில் சாமானின் ஓட்டையைக் காட்டுகிற வியாபாரியை நான் கண்டதில்லை. குழுத் தலைவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தோளைக் குலுக்கினார். "பனி வருஷத்துல கொஞ்ச நாள். கேபிள் வாராவாரம் அறுந்துபோகுது. எனக்கு இது போதும்" என்றார்.

அப்படித்தான் அந்தப் பெட்டி கூரை மேலேயே தங்கியது.

ஒரு வாரம் கழித்து, பெட்டியின் திருகாணிகளை இறுக்க நான் மாடிக்குப் போனேன். ஆட்களை அனுப்பியிருக்கலாம், இந்த வேலைக்கு நானே போவேன். சம்பந்தியம்மாவும் அளவு பார்க்க வந்திருந்தார். வெயில் உச்சியில் இருந்தது. அளவு பார்ப்பதற்காகப் பேச்சு வழியைக் கேட்கும் கருவியைக் காதில் மாட்டியவர் ஒரு கணம் அசையாமல் நின்றார். ஏதோ கோளாறு என்று பயந்து, இன்னொரு காதுக் கருவியை நான் வாங்கி மாட்டினேன்.

அக்கரை நர்ஸும் இக்கரை நர்ஸும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை என் ஷிப்டை நீ எடுத்துக்கடி. தங்கச்சியைப் பொண்ணு பார்க்க வர்றாங்க."

"போன மாசமும் இதைத்தான் சொன்ன."

"அது வேற மாப்பிள்ளை."

"இந்த மாப்பிள்ளை எப்படி?"

"உயரம். மத்தது இனிமேதான் தெரியும்."

இருவரும் சிரித்தார்கள். கரகரவென்று வந்தது சிரிப்பு. தலைக்கு மேலே வெளிச்சம் தடுமாறித் தடுமாறி ஆற்றைத் தாண்டிக்கொண்டிருப்பது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

சம்பந்தியம்மா கருவியைக் காதிலிருந்து எடுத்தார். என் காதிலிருந்ததையும் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"போதும் சம்பந்தி, அவங்க பேசட்டும்" என்றார்.

அளவு எதையும் குறித்துக்கொள்ளாமல் படி இறங்கினார்.